நாய் நகத்தைக் கிரைண்டரால் ராவுவது: வீட்டில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கரட்டிலும் பாறையிலும் ஆட்டு மந்தையோடு நாள் முழுக்க ஓடும் நாய்க்கு யாரும் நகம் வெட்டிவிட வேண்டியதில்லை. கல்லே தேய்த்துவிடும். அதே நாயின் குட்டி ஓசூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பாலிஷ் போட்ட கிரானைட் தரையில் வளர்ந்தால், கொஞ்ச நாளில் நடக்கும்போதெல்லாம் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும். இரண்டும் நம்மூர்க் கல்தான். ஒன்று நகத்தைத் தேய்க்கிறது, மற்றது காலை வழுக்கிவிடுகிறது.

நகம் நீளமா இல்லையா என்று பார்க்க அளவுகோல் வேண்டாம். நாயைச் சமதரையில் நேராக நிற்க வையுங்கள். நகத்தின் நுனிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாளைச் செருக முடிந்தால் சரி. நுனி தரையை ஊன்றி, விரலை மேலே தூக்கியோ பக்கவாட்டில் திருப்பியோ வைத்திருந்தால் நீளம். அப்படியே விட்டால் நாய் எடையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கப் பழகும், விரல்கள் விரியும், டைல்ஸில் பின்கால் வழுக்கும். வயதான நாய்க்கு அந்த வழுக்கலே பெரிய தொல்லை.

நகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கருவியைக் கையில் எடுக்கக் கூடாது. வெளியே இருப்பது கொம்பு போன்ற ஓடு. அதற்கு உணர்ச்சி கிடையாது. உள்ளே நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. நாய் அழகு நிலையங்களில் இதைக் ‘குவிக்’ என்பார்கள். நாம் உள்சதை என்றே சொல்வோம். ஓடு நீள நீள உள்சதையும் முன்னால் வந்துவிடும். அதனால் மாதக்கணக்கில் விட்ட நகத்தை ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர நினைத்தால் ரத்தம்தான் வரும். ஆனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ராவினால் உள்சதை பின்வாங்கும். வாரம் ஒருமுறை விடாமல் கொஞ்சம் எடுத்தால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

கட்டர் இருக்கும்போது கிரைண்டர் எதற்கு? வெளிறிய நகமானால் கட்டரே போதும். இளஞ்சிவப்பாக உள்சதை வெளியிலிருந்தே தெரியும். கறுப்பு நகத்தில் கட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டுவது மாதிரி. மழுங்கிய கட்டரோ நகத்தை நசுக்கிப் பிளக்கவும் செய்யும். கிரைண்டர் தூள் தூளாக எடுப்பதால் ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் வெட்டுமுகத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். முனையும் மழுமழுவென்று வரும். சோபாவும் உங்கள் தொடையும் தப்பிக்கும். குறைகளும் உண்டு: சத்தம், அதிர்வு, சூடு, முடி சுற்றிக்கொள்வது. புதியவர்கள் ரத்தத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நடைமுறையில் அதிகம் கெடுவது சூட்டால். நாய் ஒரு தடவை சூடு வாங்கிவிட்டால் அடுத்த தடவை கருவியைக் கண்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எந்தக் கருவி

நம் வீடுகளில் கிரைண்டர் என்றால் மாவாட்டுவது. கிருஷ்ணகிரி, பர்கூர் சாலையில் கிரைண்டர் என்றால் கிரானைட் அறுப்பது. இது இரண்டுமில்லை. தடித்த பேனா போலக் கைக்குள் அடங்கும் சுழல் கருவி. டிரெமல் என்பது ஒரு கம்பெனியின் பெயர்தான். பலர் எல்லாவற்றையும் அப்படியே சொல்கிறார்கள்.

பார்க்க வேண்டியது முதலில் வேகம். பழகாத கைக்கு நிமிடத்துக்கு 7,000 முதல் 10,000 சுற்று போதும். பெரிய நாயின் தடித்த நகத்துக்கு, கை பழகிய பிறகு, 15,000 வரை போகலாம். மரவேலைக்கு விற்கும் சுழல் கருவிகள் 30,000 சுற்றைத் தாண்டும். அவற்றில் வேகம் குறைக்கும் திருகு இருந்து, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் மட்டுமே இதற்கு ஆகும். ஆங்கிள் கிரைண்டரை இதற்கென்று யோசிக்கவே வேண்டாம்.

சார்ஜ் செய்யும் மாடல் நல்லது. ஒயர் நாயின் காலில் சிக்காது, பாதி நகத்தில் கரண்ட் போகாது. ஒரு எச்சரிக்கை: சார்ஜ் இறங்கினால் வேகமும் இறங்கும், உங்கள் கை தானாகவே அழுத்த ஆரம்பிக்கும், நகம் சுடும். முழு சார்ஜ் போட்ட பிறகே தொடங்குங்கள்.

முனையில் மாட்டுவது இரண்டு வகை. ஒன்று, ரப்பர் உருளையில் செருகும் உப்புத்தாள் வளையம். உருளையின் திருகை இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். கையால் திருப்பும்போது வளையம் சுழன்றால் இன்னும் இறுக்க வேண்டும். சிறிய நாய்க்கு 100 அல்லது 120 எண் உப்புத்தாள், ராட்வீலர், லாப்ரடார் போன்றவற்றுக்கு 60. எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம். மற்றது, வைரத்தூள் பூசிய உலோக முனை. விலை கொஞ்சம் கூட, ஆனால் நீண்ட நாள் உழைக்கும், பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் சுத்தமாகிவிடும். வாங்குமுன் தண்டின் விட்டத்தைக் கவனியுங்கள்: நாய்க்கென்று விற்கும் சிறு கருவிகள் பெரும்பாலும் 2.35 மி.மீ. தண்டை ஏற்கும், பெரிய சுழல் கருவிகள் 3.2 மி.மீ. ஒன்றுக்கு வாங்கிய முனை மற்றதில் ஆடும், அல்லது நுழையாது.

ஓட்டை வைத்த பிளாஸ்டிக் மூடி கூடவே வரும். முடி அதிகமுள்ள நாய்க்கு அது பாதுகாப்பு. ஆனால் வெட்டுமுகத்தை மறைத்துவிடும், ஆகவே கறுப்பு நகத்துக்கு மூடியைக் கழற்றிவிட்டுச் செய்வதே எங்கள் சிபாரிசு.

மற்றபடி பக்கத்தில் இருக்க வேண்டியவை: தூள் கண்ணில் விழாமல் இருக்க நீங்கள் போட்டுக்கொள்ளும் கண்ணாடி, முகக்கவசம், பழைய துண்டு, டார்ச், ரத்தம் நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர், தின்பண்டம். ஸ்டிப்டிக் பவுடரைத் திறந்தே வையுங்கள். ரத்தம் வந்த பிறகு மூடியோடு மல்லுக்கட்ட நேரமிருக்காது.

ராவுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம்

மாட்டுக்கு லாடம் அடிப்பதுபோல நாயைக் கட்டிச் சாய்த்து வேலையை முடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருமுறை முடியும். மாடு அடுத்த லாடத்துக்கு மாதங்கள் கழித்து வந்தால் போதும்; நாய் நகம் இரண்டு வாரத்தில் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கூடுதல் ஆள் தேவைப்படும். மெதுவாகப் பழக்குவதே கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

தின்பண்டம் கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். வேகவைத்த கோழி ஈரல், கோழித் துண்டு, அவித்த முட்டை எல்லாம் சரி. தர்மபுரிப் பக்கத்து நாய்கள் களியிலேயே வளர்ந்தவை. ஆனால் தினமும் தட்டில் கிடைக்கும் களிக்கு இந்தக் கஷ்டத்தைத் தாங்க அவை சம்மதிக்காது. இதற்கென்று மட்டும் தரும் ஒரு ருசி வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்புத் துண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. ஒரு அமர்வுக்கு முப்பது நாற்பது துண்டு செலவாகும் என்பதால் அன்றைய சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் கருவியே வேண்டாம். மாலை நடைக்குப் பிறகு நாய் களைத்துப் படுத்திருக்கும்போது பாதத்தைத் தொடுங்கள், ஒரு விரலைப் பிரியுங்கள், தின்பண்டம் கொடுங்கள், விடுங்கள். காலை இழுத்துக்கொண்டால் இழுத்துப் பிடிக்காதீர்கள். அடுத்து, ஓடாத கருவியைத் தரையில் வைத்து முகரவிடுங்கள். ஓடாத அந்தக் கருவியாலேயே பாதத்தைத் தொடுங்கள். பிறகு பத்தடி தள்ளி வேறொருவர் கருவியை ஓட்ட, நீங்கள் இங்கே தின்பண்டம் கொடுங்கள். நமக்குக் கேட்காத உச்ச ஓசையும் நாய்க்குக் கேட்கும். உங்கள் காதுக்கு மெல்லிய ‘ங்ஙீ’ என்பது அதற்கு வேறு மாதிரி இருக்கலாம். நாய் காதைத் தளர்த்திப் படுத்திருந்தால் அடுத்த நாள் இரண்டடி நெருங்கலாம். எழுந்து போனாலோ, கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, அவசரப்பட்டுவிட்டீர்கள். பழைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

கடைசிப் படி, ஓடும் கருவியின் பின்புறத்தை, முனையை அல்ல, நாயின் தோளிலும் முன்காலிலும் வைத்து அதிர்வைப் பழக்குவது. அதைத் தாங்கிய மறுநாள் ஒரே ஒரு நகத்தை ஒரே ஒரு வினாடி தொடலாம். அன்றைக்கு அவ்வளவுதான்.

பிடிப்பது

இடம் வாசல் திண்ணையோ பால்கனியோ, நல்ல வெளிச்சத்தில். மின்விசிறியை அணையுங்கள், நகத்தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். வழுக்கும் தரையானால் கோணியோ யோகா பாயோ விரியுங்கள்; காலடி வழுக்கும் நாய் எதற்கும் ஒத்துழைக்காது. நகம் காய்ந்திருக்க வேண்டும். குளிப்பாட்டியதும் ஈர நகத்தை ராவினால் தூள் பசையாகி உப்புத்தாளை அடைத்துவிடும்.

முடி விஷயத்தில் சோம்பல் கூடாது. பொமரேனியன், ஷிட்சூ, கோல்டன் ரிட்ரீவர் போன்றவற்றின் விரலிடை முடி ஒரு நொடியில் உருளையில் சுற்றி இழுத்துவிடும். பழைய மெல்லிய நைலான் சாக்ஸைப் பாதத்தில் மாட்டி, நகங்களை மட்டும் துணியைக் குத்தி வெளியே எடுத்தால் முடி முழுவதும் உள்ளே அடங்கிவிடும். தளர்ந்த துணி கூடாது, அதுவும் சுற்றும். உங்கள் கூந்தல், துப்பட்டா, முந்தானை, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். சுற்றிக்கொண்டுவிட்டால் இழுக்காதீர்கள், உடனே அணைத்துவிட்டு முனையைக் கையால் பின்பக்கம் சுற்றி விடுவியுங்கள்.

காலை வெளிப்பக்கமாக அகட்டி இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நாயின் கால் முன்னும் பின்னும்தான் சுலபமாக மடங்கும். பக்கவாட்டில் தூக்கினால் தோளும் இடுப்பும் வலிக்கும். அது கருவிக்காக உதறுகிறது என்று நாம் நினைப்போம், உண்மையில் மூட்டு வலி. நாயின் பக்கத்தில் உட்கார்ந்து, குதிரைக் குளம்பைப் பார்ப்பதுபோலப் பாதத்தை உடம்புக்கு நேர் கீழே பின்பக்கம் மடக்குங்கள். சின்ன நாயை மடியில் மல்லாத்தி வைப்பதைவிட ஒருக்களித்துப் படுக்க வைப்பது மேல்.

கட்டைவிரல் பாதத்தின் மெத்தையில், ஆட்காட்டி விரல் மேலே. இரண்டுக்கும் நடுவே ஒரு விரலை மட்டும் லேசாகப் பிடித்தால் நகம் தானாக முன்னால் வரும். நசுக்க வேண்டாம். மறுகையில் கருவியைப் பேனா பிடிப்பதுபோல முனைக்கு அருகில் பிடித்து, சுண்டுவிரலை நாயின் பாதத்திலேயே ஊன்றுங்கள். நாய் அசைந்தால் கருவியும் கூடவே அசையும். நகம் தப்பிச் சதையில் படாது.

ராவுவது

முனையின் பக்கவாட்டுப் பரப்புதான் நகத்தைத் தொட வேண்டும். மேல் விளிம்பு பட்டால் பள்ளம் விழும், கருவி துள்ளும். கருவியை ஓட்டிவிட்டு, வேகம் நிலைத்த பிறகு தொடுங்கள். தொட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டால் நாய் திடுக்கிடும்.

நுனியின் அடிப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் தொடங்குங்கள். ஒன்று, இரண்டு எண்ணி எடுத்துவிடுங்கள். மூன்று எண்ணும்வரை அதே இடத்தில் வைக்காதீர்கள். பக்கத்து நகத்துக்குப் போய்விட்டு, இது ஆறியதும் திரும்பி வாருங்கள். நான்கு நகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் நேரம் வீணாகாது, எதுவும் சுடாது. சந்தேகமிருந்தால் நகத்தை உங்கள் உதட்டுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்துவிடும். அதைவிட நல்ல வழி, தொடங்கும் முன் உங்கள் கைநகத்தின் நுனியிலேயே ஒருமுறை வைத்துப் பார்ப்பது. எவ்வளவு சீக்கிரம் சுடுகிறது என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அழுத்தினால் சீக்கிரம் தேயும் என்பது தப்புக் கணக்கு. அழுத்தம் வேகத்தைக் குறைத்து உரசலைச் சூடாக்கும். முனையின் எடை படும் அளவு போதும். லேசாக வைத்தும் தேயவில்லை என்றால் உப்புத்தாள் வழவழப்பாகிவிட்டது, மாற்றுங்கள். கருகிய முடி வாடை எப்போதும் கொஞ்சம் வரும். நகமும் முடியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதம்தான். ஆனால் வாடை திடீரென்று கடுமையானால் அது சூட்டின் அடையாளம்.

அடிப்பக்கம் எடுத்ததும் மேல் விளிம்பை ஒரு சீவல், இரு பக்கமும் ஒரு சீவல். கூரை போல மூன்று பக்கமும் சரிந்து வந்தால் உள்சதைக்கு வெளியே இருக்கும் ஓடு மெலியும். அடுத்த வாரங்களில் உள்சதை பின்வாங்க இது உதவும்.

எங்கே நிறுத்துவது? வெளிறிய நகத்தில் இளஞ்சிவப்பு தெரியும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால். கறுப்பு நகத்தில் வெட்டுமுகத்தை நேராகப் பாருங்கள், டார்ச் அடித்து. முதலில் அது காய்ந்த சுண்ணாம்பு போல வெளிறி, தூள்தூளாக இருக்கும். தொடர்ந்து எடுத்தால் நடுவில் ஒரு வட்டம் தெரிய ஆரம்பிக்கும்: சுற்றியுள்ளதைவிடக் கருத்து, கொஞ்சம் ஈரப்பசையோடு, பளபளப்பாக. அந்தப் புள்ளி வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலும் போனால் இளஞ்சிவப்பு, பிறகு ரத்தம். இன்னொரு குறிப்பும் உண்டு. நகத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: நுனிப்பக்கம் ஓடை போலக் குழிந்து வெறுமையாக இருக்கும், உள்ளே போகப்போக நிரம்பிவிடும். குழிந்த பகுதி எடுக்கலாம், நிரம்பும் இடத்தில் உள்சதை தொடங்குகிறது. ஒரே நாய்க்குச் சில நகம் கறுப்பு, சில வெளுப்பு என்று இருந்தால் வெளுப்பில் உள்சதையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு கறுப்புக்கு உத்தேசம் வைக்கலாம்.

ஒரே நாளில் எல்லா நகமும் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் வாரத்தில் தினம் இரண்டு நகம். நாய் பொறுமையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உதறிய பிறகு நிறுத்தினால் உதறினால் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். எல்லாம் பழகிவிட்டால் முழு வேலைக்கு 10 முதல் 15 நிமிடம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நீளமாகிவிட்ட நகத்துக்கு உள்சதை பின்வாங்கும்வரை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை.

ஐந்தாவது நகம்

சாதாரணமாக நாய்க்கு நகம் பதினெட்டு: முன்காலுக்கு ஐந்து, பின்காலுக்கு நான்கு. முன்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் அந்த ஐந்தாவதை எல்லோரும் மறப்பார்கள். தரையில் படாததால் அது தானாகத் தேயாது. வளைந்து வளைந்து வட்டமாகித் தோலுக்குள்ளேயே குத்திவிடும். கரட்டில் ஓடும் பட்டி நாய்க்கும் இந்த ஒரு நகத்தைப் பார்க்கத்தான் வேண்டும். சில நாய்களுக்குப் பின்காலிலும் இருக்கும், சிலவற்றுக்கு இரட்டையாகவும். முடியை ஒதுக்கித் தடவிப் பாருங்கள். இது ஆடும் நகம் என்பதால் இரண்டு விரலால் அடியில் தாங்கிப் பிடித்து ராவுங்கள். ஏற்கெனவே தோலைக் குத்தியிருந்தால் வீட்டில் தொடாதீர்கள். வெட்டி எடுத்துப் புண்ணுக்கு மருந்து போடுவது மருத்துவர் வேலை.

ரத்தம் வந்தால்

பதறாமல் கருவியை அணையுங்கள். ஸ்டிப்டிக் பவுடரை நுனியில் அப்பி, பஞ்சால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்தது உரிந்துவிடும். பவுடர் இல்லையென்றால் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் மக்காச்சோள மாவு. சலூனில் தேய்க்கும் படிகாரத்தைப் பொடித்து வைத்தாலும் ஆகும், கொஞ்சம் எரியும். மஞ்சள்தூளையும் காபித்தூளையும் அள்ளி அப்புவது நம் வீட்டு வழக்கம். அங்கே ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாலும் அழுத்தும் விரல்தான். நின்ற பிறகு சில மணி நேரம் மாட்டுத் தொழுவம், சேறு, செம்மண் பக்கம் விடாதீர்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அதை நகக் காயமாக மட்டும் பார்க்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். சில வகை எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் உறையாது. ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் உண்டா என்று பார்த்துக்கொண்டே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாய்க்குச் சமீபத்தில் உண்ணி அதிகமாக இருந்து, சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் அந்த வாரம் நகத்தையே தொட வேண்டாம்.

உடைந்து தொங்கும் நகம், வீங்கிச் சிவந்த விரல், அடியில் சீழ், ஒன்றுக்கு மேற்பட்ட நகம் தானாகக் கழன்று விழுவது இவையெல்லாமும் மருத்துவருக்கு உரியவை. பயத்தில் கடிக்கவரும் நாய்க்கு, வாயைத் திறந்து மூச்சிரைக்க இடம் விடும் கூடை முகமூடி போடலாம்; துணியால் வாயைக் கட்டி வெயிலில் வைத்துக்கொண்டு ராவினால் நாய்க்கு உடம்பு சூடேறிவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் மயக்க மருந்தோடு மருத்துவரே செய்வார். வீட்டிலுள்ள தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாயைக் கொல்லக்கூடியவை. கடி பட்டுவிட்டால், வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி பற்றிக் கேளுங்கள்.

முடித்த பிறகு

ஈரத்துணியால் நாயின் பாதத்தைத் துடையுங்கள், இல்லையென்றால் தூளை நக்கும். வைர முனையைப் பிரஷால் தேய்த்துக் காயவையுங்கள்; உப்புத்தாள் வளையத்தில் வெள்ளையாகப் படிந்து சொரசொரப்பு போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். இரண்டு நாய் வளர்ப்பவர்கள், ஒன்றுக்கு நகப் பூஞ்சையோ விரலிடைப் புண்ணோ இருந்தால் அதற்குத் தனி வளையம் வையுங்கள். கருவியின் காற்றுத் துளைகளில் தூள் அடைந்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் காட்டாதீர்கள். பிறகு சார்ஜில் போட்டு, நாலு நாளுக்கு ஒருமுறை சும்மா கையில் எடுத்து ஓட்டி ஒரு ஈரல் துண்டு கொடுத்துவிட்டு வைத்துவிடுங்கள். சத்தம் வந்தால் நகம் என்று மட்டும் நாய் கணக்குப் போடாமல் இருக்கும்.